பெயர் இழந்த சிறுமி

ஹயாவோ மியாசாக்கியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ 2001இல் ஜப்பானில் வெளிவந்தது. 2002இல் பெர்லின் விழாவின் தங்கக் கரடி விருதை மற்றொரு படத்துடன் பகிர்ந்துகொண்டு, 2003இல் ஆஸ்கர் விருதும் பெற்ற இச்சித்திரப் படத்தை மேனாட்டுத் திறனாய்வாளர் பலர் ஆலிஸ் கதையோடு ஒப்பிட்டுப் போற்றினர். அவ்வொப்புமை பாதி தூரமே செல்லும் என்பது எம் கருத்து.

ஆலிஸ் விந்தைகளைக் காண்கிறாள். கனவு கலைந்து எழுகிறாள். சிஹிரோவோ பன்றிகளாகிவிட்ட பெற்றோரை மீட்க, தேவர்கள் நீராடும் விடுதியில் தரை துடைத்து உழைக்கிறாள். வேலை தரும் சூனியக்காரி அவள் பெயரைப் பறித்துச் ‘சென்’ என்று சுருக்குகிறாள். பெயரை மறந்தவர்க்கு வீடு திரும்ப வழியில்லை. அவளுக்கு உதவும் ஹாக்கு அவ்வாறு மறந்தவனே. அடுக்ககங்கள் கட்டுவதற்காகத் தூர்க்கப்பட்ட ஆற்றின் தெய்வம் அவன். சிஹிரோவுக்குத் தன் பெயரை நினைவூட்டுவது, பழைய பள்ளித் தோழி எழுதித் தந்த பிரிவு வாழ்த்தட்டை.

எனவே இதனை மாயக்கதை என்று மட்டும் பாராட்டுவது குறைமதிப்பீடாகும். பிழைக்கச் சென்ற இடத்தில் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுத்தலாகாது என்பதே படத்தின் கேள்வி. பிறர் நாவில் பிள்ளைகளின் பெயர் சுருங்கக் கேட்டுப் பழகிய நாம், அவர்களோடு அமர்ந்து காணவேண்டிய படம் இது.