கொட்டுக்காளி: தீர்ப்பும் மௌனமும்

பி. எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ (2024) ஒரு பெண்ணின் மன உறுதியைச் சொல்லும் படம் என்று பாராட்டப்படுகிறது. இந்தப் பாராட்டு எனக்குச் சம்மதமில்லை. கொட்டுக்காளி என்றால் பிடிவாதக்காரி. அது மீனா என்ற அந்தப் பெண்ணின் பெயரல்ல. மற்றவர்கள் அவள்மேல் சொன்ன தீர்ப்பு. படம் விசாரிப்பது தீர்ப்புச் சொன்னவர்களைத்தான்.

வேறு சாதிப் பையனை விரும்பியதால் மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவுகட்டி, அவளை மணக்கவிருக்கும் பாண்டியும் உறவினரும் ஆட்டோவில் ஏற்றிப் பேயோட்டுபவனிடம் கொண்டுபோகிறார்கள். காலில் கயிறு கட்டிய சேவலும் உடன் வருகிறது. பின்னணி இசை கிடையாது. எங்கே இரக்கப்படவேண்டும் என்று நமக்கு எடுத்துக்கொடுக்க ஆளில்லை. தொண்டையில் சுண்ணாம்பு பூசிய பாண்டிக்கு (சூரி) குரல் கம்மியிருக்கிறது. ஆனால் பேசுகிறவன் அவன்தான். மீனா (அன்னா பென்) அநேகமாகப் பேசுவதே இல்லை.

காக்களூரில் என் வங்கிக் கவுண்டரில் ஒரு பெண்ணிடம் பெயர் கேட்டால் கூட வந்த அண்ணன் பதில் சொல்கிறான். அவள் பேசாதிருப்பதை அடக்கம் என்கிறோம். மீனாவின் மௌனம் அடக்கமுமல்ல, வீரமுமல்ல. சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்தவளின் மௌனம் அது. அதற்கு வீட்டார் தந்த பதில்தான் அந்த ஆட்டோ.

ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’ (1978) படத்தின் தலைப்பும் இப்படிப் பிறர் வாயிலிருந்து வந்ததுதான். அதில் ஸ்ரீப்ரியாவின் மஞ்சு பட்டணத்தில் வேலை பார்ப்பவள், வெட்டிப் பேசுவாள். மீனாவுக்கு ஆட்டோவின் பின்சீட்டுதான். பேசினால் ‘அப்படிப்பட்டவள்’, பேசாவிட்டால் பேய். இரண்டு படங்களுக்கும் நடுவே 46 வருஷங்கள்.

வழியை மறிக்கும் காளைமுன் ஆண்கள் திகைத்து நிற்க, ஒரு சிறுமி வந்து அதைச் சாதாரணமாகக் கூட்டிப்போகிறாள். இங்கே மட்டும் படம் விரல் நீட்டிச் சுட்டிவிடுகிறது என்று எனக்குப் படுகிறது.

முடிவில் பேயோட்டுபவன் இன்னொரு பெண்ணை நடத்தும் விதத்தைப் பார்த்துப் பாண்டி கலங்குகிறான். விடை சொல்லாமல் படம் நின்றுவிடுகிறது. மீனாவின் கதி மறுபடி ஓர் ஆணின் மனமாற்றத்தில் தொங்குவது உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் அவளைத் தப்பியோட விட்டிருந்தால் நாம் நிம்மதியாக வீடு திரும்பியிருப்போம். மன உறுதி என்று அவளைப் புகழ்வதும் அந்த நிம்மதியைத் தேடித்தான்.