கொல்லிமலைக்குப் பன்னிரண்டு வண்டிகள்

காரவள்ளியில் அடிவாரம். அங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். பைக் ஓட்டும் ஆசை உள்ளவர்கள் ஒருமுறையாவது ஏறிப் பார்க்க நினைக்கும் பாதை இது. சேலத்திலிருந்து ராசிபுரம், பேளுக்குறிச்சி வழியாக நான் தனியாகவும் போயிருக்கிறேன், இரண்டு மூன்று பேராகவும் போயிருக்கிறேன், ஒருமுறை பன்னிரண்டு வண்டிகளோடும் போயிருக்கிறேன். அந்தப் பன்னிரண்டு வண்டிப் பயணத்தில், பாதி மலை ஏறுவதற்குள் ஒரு வளைவில் ஒருவர் விழுந்தார். அவருக்குப் பின்னால் வந்தவரும் விழுந்தார். இருவரும் சிராய்ப்போடு தப்பினார்கள். யாரும் வேகமாகப் போகவில்லை, யாரும் குடித்திருக்கவில்லை, எல்லோர் தலையிலும் ஹெல்மெட் இருந்தது. பிழை ஓட்டியவர்களுடையது அல்ல, நாங்கள் குழுவை அமைத்த விதத்தில்தான் இருந்தது என்று இன்று உறுதியாகச் சொல்வேன்.

குழுவாகப் போவதில் பெரும்பாலோர் பின்பற்றுவது அணிவகுப்பு முறை. முன்னால் போகும் லீட் தன் தடத்தின் வலப்பக்கம், அடுத்தவர் ஒரு விநாடி பின்தள்ளி இடப்பக்கம், மூன்றாமவர் மறுபடி வலப்பக்கம் என்று பின்னல் போட்டாற்போலப் போவது. இதை வெறும் பகட்டு என்று ஒதுக்க மாட்டேன். நான்கு வழிச் சாலையில் இதற்கு நியாயம் இருக்கிறது. நமக்கு நேர் முன்னால் இருப்பவரோடு இரண்டு விநாடி இடைவெளி கிடைக்கிறது, வரிசையும் நீண்டுபோவதில்லை. அமெரிக்காவின் மோட்டார் சைக்கிள் சேஃப்டி ஃபவுண்டேஷன் பரிந்துரைப்பதும் இதைத்தான். ஆனால் அவர்கள் கூடவே இரண்டு விஷயம் சொல்கிறார்கள்: ஒரு குழுவுக்கு ஐந்து முதல் ஏழு வண்டி போதும், வளைவு வந்தால், பார்வை மறைந்தால், சாலை கெட்டிருந்தால் ஒற்றை வரிசைக்கு மாறிவிட வேண்டும். நம்மூர்க் குழுக்கள் அணிவகுப்பை எடுத்துக்கொண்டு இந்த இரண்டையும் விட்டுவிட்டன.

எண்ணிக்கை ஏன் முக்கியம் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி விநாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் போகிறது. ஒரு விநாடி இடைவெளியில் பன்னிரண்டு வண்டிகள் என்றால் வரிசையின் நீளம் 180 மீட்டரைத் தாண்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஒரு கார் இதை முழுவதும் முந்த அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அது 700 மீட்டருக்கு மேல் எதிர்த்தடத்தில் ஓடியிருக்கும். புளியமரமும் பாலமும் ஊர் முகப்பும் மாறி மாறி வரும் கிராமத்துச் சாலையில் 700 மீட்டர் தெளிவான பாதை எங்கே இருக்கிறது? எதிரே பேருந்து வந்தால் அந்தக் கார் நம் வரிசைக்கு நடுவே நுழைந்துதான் ஆகவேண்டும். அதுவே ஆறு வண்டிகள் என்றால் 15 விநாடியில் தாண்டிவிடும். குழு பெருகப் பெருக நமக்கு மட்டும் ஆபத்து என்றில்லை, சாலையில் வரும் மற்றவர்களையும் தவறு செய்யத் தள்ளுகிறோம்.

இன்னொரு கேடும் உண்டு. அது வரிசையின் வாலில் வருபவருக்குத்தான் தெரியும். லீட் வேகத்தடையில் ஏறி இறங்கியதும் முடுக்குகிறார். பத்தாவது ஆள் அந்த வேகத்தடையை இன்னும் எட்டியே இருக்க மாட்டார். அவர் ஏறி இறங்கி நிமிர்வதற்குள் முன்னால் இருப்பவர்கள் கண்ணுக்கு எட்டாமல் போயிருப்பார்கள். விட்டதைப் பிடிக்க அவர் 80, 90 என்று விரட்டுகிறார். லீட் 60-ஐத் தாண்டவே இல்லை, ஆனாலும் கடைசி ஆள் பயணம் முழுவதும் துரத்திக்கொண்டே இருக்கிறார். புதிதாகச் சேர்ந்தவர், கூச்சப்படுகிறவர், சின்ன வண்டிக்காரர் எல்லோரும் பெரும்பாலும் அந்த வாலில்தான் இருக்கிறார்கள்.

எங்கள் ஆள் விழுந்தது எப்படி என்று சொல்கிறேன். ஏற்றத்தில் வரும் இடப்பக்க வளைவு மிகக் குறுகலானது. உள்ளோரம் செங்குத்தாக இருக்கும். முதல் கியரில், பார்வையை வளைவின் முடிவில் வைத்து, நிற்காமல் ஏற வேண்டும். மேலேயிருந்து அரசுப் பேருந்து ஒன்று முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு திரும்பியது. முன்னால் போனவர் தயங்கினார், என்ஜின் அணைந்தது, கால் ஊன்ற இடமில்லாமல் சாய்ந்தார். பின்னால் ஒட்டி வந்தவர் சரிவின் நடுவில் நிற்க வேண்டியதாயிற்று, அவரும் சாய்ந்தார். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பதே விதி. ஆனால் கொண்டை ஊசியில் திரும்பத் தொடங்கிய பேருந்தால் பின்வாங்க முடியாது. முன்னவர் வளைவை விட்டு வெளியேறிய பிறகே பின்னவர் நுழைய வேண்டும் என்று புறப்படும் முன்பே சொல்லியிருந்தால், முதல் ஆள் விழுந்திருந்தாலும் இரண்டாம் ஆள் விழுந்திருக்க மாட்டார்.

அணிவகுப்புக்கு மாற்றாகச் சில குழுக்கள் கையாள்வது, திருப்பத்தில் ஆள் நிறுத்தும் முறை. பாதை பிரியும் இடம் வந்தால் லீடுக்கு அடுத்து வருபவர் அங்கே நின்றுவிடுவார். கடைசியாக வரும் ஸ்வீப் அவரை நெருங்கும்வரை கைகாட்டி வழி சொல்வார், பிறகு ஸ்வீப்புக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். இதன் பெரிய நன்மை, யாரும் யாரையும் துரத்த வேண்டியதில்லை. அவரவர் வேகத்தில் வரலாம். மலையில் செல்போன் சிக்னல் இல்லாத இடத்திலும் இது வேலை செய்யும். குறைகளும் உண்டு. ஊர் பேர் தெரியாத முச்சந்தியில் ஒருவரைத் தனியே கால்மணி நேரம் நிறுத்துவது எல்லோருக்கும் ஒன்றல்ல. குறிப்பாகத் தனியாக ஓட்டி வரும் பெண்கள் அதை விரும்புவதில்லை, அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஸ்வீப்பின் வண்டி பங்க்சரானால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருவர் காரணம் தெரியாமல் காத்து நிற்பார்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. சொல்லும்போது அற்பமாகத் தோன்றும். பின்னால் வருபவர் பக்கக் கண்ணாடியில் தெரிகிறாரா என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்வது. தெரியவில்லை என்றால் வேகத்தைக் குறை. திருப்பம் வந்தும் தெரியவில்லை என்றால் ஓரமான இடம் பார்த்து நில். நீ நின்றால் உனக்கு முன்னால் இருப்பவரும் கண்ணாடியில் உன்னைக் காணாமல் நிற்பார். கொஞ்ச நேரத்தில் லீட் வரைக்கும் செய்தி போய்விடும். ஒருவர் மறந்தாலும் சங்கிலி அறுந்துவிடும் என்பதுதான் இதன் பலவீனம். பன்னிரண்டு பேரில் ஒருவர் மறப்பது ஏறக்குறைய நிச்சயம். ஆறு பேரில் அப்படி அல்ல. கொண்டை ஊசியின் நடுவில் கண்ணாடி பார்க்கக் கூடாது. இரண்டு வளைவுக்கு இடைப்பட்ட நேர்ப்பாதையில்தான் பார்க்க வேண்டும்.

நட்பு என்பதை நாம் சாயங்கால டீக்கடைப் பேச்சில் தேடுகிறோம். வரிசையில் யாரை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் அது முதலில் தெரிகிறது. மிக மெதுவாக ஓட்டுபவரை லீடுக்கு அடுத்து வையுங்கள்; குழுவின் வேகம் தானாகவே அவருடையதாகிவிடும், அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியிராது. மிகத் தேர்ந்தவர் கடைசியில் வரட்டும். விழுந்தவரையும் நின்றுபோன வண்டியையும் முதலில் அடைவது அவர்தான். முதலுதவிப் பையும் பங்க்சர் கிட்டும் அவரிடம் இருக்கட்டும். 350 சிசிக்குக் குறைந்த வண்டிகளைச் சேர்ப்பதில்லை என்று சில குழுக்கள் விதி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். கொல்லிமலை வளைவில் 100 சிசி வண்டியும் 650 சிசி வண்டியும் முதல் கியரில்தான் ஏறுகின்றன. அந்த விதியில் எனக்கு உடன்பாடு இல்லை.

சாலை நம்முடையது மட்டுமல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அறுவடை முடிந்ததும் கொள்ளுச் செடியையும் கேழ்வரகுக் கதிரையும் தாரில் பரப்பி, வண்டிகள் ஏறி மணி உதிரட்டும் என்று விட்டிருப்பார்கள். அதன்மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். அதை இடையூறு என்று எரிச்சல்படுவதை விட, தூரத்தில் கண்டதும் கை உயர்த்திப் பின்னவருக்குக் காட்டி, வேகத்தைத் தணித்து நேராகக் கடப்பது நல்லது. சைலன்சரை மாற்றி ஊரை அலற வைக்கும் வண்டியைக் குழுவில் சேர்க்கவே கூடாது.

என் தீர்ப்பு இது. கிராமத்துச் சாலைக்கும் மலைப்பாதைக்கும் அணிவகுப்பு தகாது. அதை நான்கு வழிச் சாலையோடு விட்டுவிட வேண்டும். அடிப்படை முறையாகக் கண்ணாடி விதி இருக்கட்டும். பாதை பிரிந்து குழப்பும் இடங்களில் மட்டும், சம்மதிப்பவரை நிறுத்தி வழிகாட்டலாம். பன்னிரண்டு பேர் வந்தால் ஆறு ஆறாகப் பிரிந்து, ஒவ்வொரு ஆறுக்கும் தனி லீட், தனி ஸ்வீப் வைத்து, கால்மணி நேர இடைவெளி விட்டுப் புறப்படுங்கள். மலைமேல் செம்மேட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம்.