கையில் நல்ல சீட்டு: ஆடுவதா, விடுவதா?

ரம்மி ஆடியவர்களுக்கு இந்த நிலை புதிதல்ல. பதின்மூன்று சீட்டுகளைப் பிரித்துப் பார்க்கிறீர்கள். இரண்டு ஜோக்கர்கள், ஒரே எண்ணில் மூன்று சீட்டுகள். பார்வைக்கு நல்ல கைதான். ஆனால் ஜோக்கர் கலவாத ரம்மி இன்னும் சேரவில்லை. அது சேராமலே தோற்றால் கையிலுள்ள எல்லாச் சீட்டுகளுக்கும் புள்ளி ஏறும், உச்சம் 80. இப்போதே 'ஸ்கூட்' சொல்லி விலகினால் 20 புள்ளியோடு போயிற்று.

எதிரே ஒருவர் மட்டும் ஆடுவதாகக் கொள்வோம். வென்றால் சராசரியாக 30 புள்ளி வரும், தோற்றால் 50 போகும் என்றும் வைத்துக்கொள்வோம். வெற்றிக்கான நிகழ்தகவு 37.5 விழுக்காடாக இருந்தால் நூறு ஆட்டங்களில் வரவு 1125, செலவு 3125. நிகர இழப்பு 2000. அதாவது ஆட்டத்துக்கு 20. விலகினாலும் அதே 20தான். எனவே வாய்ப்பு 37.5 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் ஆடலாம், கீழே இருந்தால் விலக வேண்டும். பாதிக்கு மேல் வாய்ப்பு வேண்டும் என்பது தவறு. கை அழகாக இருக்கிறதே என்று ஆடுவதும் தவறு.

ஏற்கெனவே போனதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோள உழவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018இல் படைப்புழு வந்தபோது அவர்கள் முன் நின்ற கேள்வி இதுவே: இன்னொரு முறை மருந்தடிக்க ஆகும் செலவுக்கு ஈடாக விளைச்சல் மிஞ்சுமா? விதைக்கும் உழவுக்கும் போட்ட பணம் போனது போனதுதான். ஆனால் உழவருக்கு அப்படியொரு முடிவு பருவத்துக்கு ஓரிரு முறைதான் வரும். கைப்பேசியில் சில நிமிடத்துக்கு ஒரு முறை வரும்.

ஆக, விலகத் தெரிவது திறமைதான். உச்ச நீதிமன்றமும் 1967இல் செகந்திராபாத் மன்றம் ஒன்றின் வழக்கில் ரம்மி பெரிதும் திறமை ஆட்டமே என்றது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், தமிழகச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று பட்டியலிட்டது செல்லாது என்றது. இதுவரை குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் 1967 தீர்ப்பை மேற்கோள் காட்டியவர்களில் பலர் அதன் மறுபாதியை விட்டுவிட்டார்கள். ஆட்டத்தை நடத்துபவர் அதிலிருந்து இலாபம் அடைந்தால் குற்றமாகலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. என் பார்வையில் வழக்கின் உயிர்நாடியே அங்குதான் இருக்கிறது. நடத்துபவர் பிடிக்கும் கழிவு திறமையும் அல்ல, அதிர்ஷ்டமும் அல்ல. உராய்வைப் போல ஒவ்வொரு சுற்றிலும் தவறாமல் தேய்ப்பது அது.

வென்ற தொகையில் நூற்றுக்குப் பதினைந்து கழிவு என்று கொள்வோம். மேலே கண்ட 37.5 உடனே 40ஐ ஒட்டிப் போய்விடும். இது சிறிய மாற்றம்தான். பெரிய அடி வேறிடத்தில் விழுகிறது. வெற்றியும் தோல்வியும் சம அளவு தொகைக்கு என்றால், கைமுதல் குறையாமல் இருப்பதற்கே நூற்றுக்கு 54 ஆட்டம் வெல்ல வேண்டும். சமத் திறமையுள்ள இருவர் தொடர்ந்து ஆடினால் இருவர் பணமும் கரையும்.

நான் 54 வென்றேனே என்று ஒருவர் சொல்லலாம். ஆய்வுக்கூடத்தில் அளவீட்டுப் பிழை கணக்கிடும் மாணவருக்கு இதன் விடை தெரியும். வெறும் நாணயத்தை நூறு முறை சுண்டினாலும் தலை விழும் எண்ணிக்கை 50லிருந்து ஐந்து அளவில் ஏறி இறங்குவது இயல்பு. எதிராளியைவிடச் சற்றும் திறமை கூடாதவர்களிலும் ஏறத்தாழ நான்கில் ஒருவர் 54ஐயோ அதற்கு மேலோ எட்டிவிடுவார். 50க்கும் 54க்கும் உள்ள வேறுபாட்டை ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல அறுநூறு ஆட்டங்களுக்கு மேல் வேண்டும். அத்தனை ஆட்டத்துக்கும் கழிவு போய்க்கொண்டே இருக்கும். சிறிய பந்தயம்தானே என்பவர்கள் இதையும் பெருக்கிப் பார்க்கட்டும்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் திறமை, அதிர்ஷ்டம் என்ற பிரிவையே விட்டுவிட்டுப் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்குத் தடை விதித்தது. நீதிமன்றங்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் விவாதித்த கேள்வியைச் சட்டம் சுற்றிக்கொண்டு போய்விட்டது. அதற்கு விடை சொல்லவில்லை. விடை காண விரும்பும் மாணவர்கள் வீட்டில் புளியங்கொட்டை வைத்து ஆடலாம். 'ஸ்கூட்' சொன்ன ஒவ்வொரு கையையும் நோட்டில் குறித்துக்கொண்டு, சீட்டை மூடாமல் அந்த ஆட்டத்தைக் கடைசிவரை ஆடிப் பாருங்கள். நூறு கைகள் சேர்ந்ததும் எத்தனை வென்றிருக்கும் என்று எண்ணி, 37.5ஓடு ஒப்பிடுங்கள். ஐந்து கூடினாலும் குறைந்தாலும் வியக்க வேண்டாம்.