ஏற்பியைச் சுவிட்ச் எனலாமா?

கொலஸ்டிராலைப் பற்றி எழுதுவோர் பலர், உயிரணுவின் உட்கருவிலுள்ள ஏற்பிகளைச் சுவிட்சுக்கு ஒப்பிடுகின்றனர். பௌதிகம் கற்பிக்கும் எனக்கு இவ்வுவமை உடன்பாடன்று. கூடத்துச் சுவிட்சைப் போட்டால் கூடத்து விளக்கு எரியும். கிணற்று மோட்டார் ஓடாதல்லவா?

எல்.எக்ஸ்.ஆர். என்னும் ஏற்பியைப் பாருங்கள். உயிரணுவில் கொலஸ்டிரால் மிகும்போது அதிலிருந்து உண்டாகும் ஆக்ஸிஸ்டிரால்கள் இதனுடன் இணைகின்றன. இது 1996-இல் தெரியவந்தது. இணைந்ததும் ஏற்பி சில ஜீன்களைத் தூண்டுகிறது. மிகுந்துள்ள கொலஸ்டிராலை உயிரணுவிலிருந்து வெளியேற்றும் ஏ.பி.சி.ஏ.1 என்ற புரதம் பெருகுகிறது. தமனிச் சுவரில் கொழுப்புப் படிவதைத் தடுக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் அதே ஏற்பி, கல்லீரலில் கொழுப்பு அமிலங்களை உண்டாக்கும் ஜீன்களையும் தூண்டிவிடுகிறது. இந்த ஏற்பியைத் தூண்டும் செயற்கைப் பொருளைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2000-இல் வெளிவந்தது. அவற்றின் கல்லீரலிலும் இரத்தத்திலும் டிரைகிளிசரைடு ஏறியிருந்தது. தமனியைக் காக்கப் போய்க் கல்லீரலைக் கெடுத்த கதை!

சுவிட்ச் என்று படித்த நோயாளி, "அதைப் போடும் மாத்திரை எங்கே?" என்றுதான் கேட்பார். எந்த உறுப்பில், எந்த ஜீனை என்று கேட்க அவருக்குத் தோன்றாது. மெயின் சுவிட்ச் என்று வேண்டுமானால் எழுதலாம். அதிலும் ஒரு சிக்கல். கொலஸ்டிராலைப் பித்த அமிலமாக மாற்றும் முக்கிய நொதியைச் சுண்டெலியில் இவ்வேற்பி பெருக்குகிறது. மனிதக் கல்லீரலில் அப்படிச் செய்வதில்லை. ஒயரிங்கே வேறு!