சொட்டுக் கணக்கு

அடுத்த முறை திருச்சிப் பக்கம் போனால் ஏதாவது ஒரு மேல்நிலைத் தொட்டியை அண்ணாந்து பாருங்கள். அடிவயிற்றில் வெள்ளைவெள்ளையாகக் கோடுகள் வழிந்திருந்தால் அது பெயிண்ட் இல்லை. கான்க்ரீட்டின் சுண்ணாம்பைத் தண்ணீர் கரைத்து வெளியே கொண்டுவந்து போட்ட கோலம். மயிரிழை விரிசல்களை இந்தச் சுண்ணாம்பே அடைத்துக் கசிவு தானாக நிற்பதும் உண்டு. எல்லாக் கசிவும் அப்படியே நின்றுவிடும் என்று நம்பிவிட்டோம். தகராறு அங்கேதான்.

பெரிய தொட்டியை ஒரே மூச்சில் வார்க்க முடியாது. இன்று தளம், நாளை சுவர். சேருமிடம்தான் 'ஜாயின்ட்'. வெயிலில் விரிய, குளிரில் சுருங்க என்று வேண்டுமென்றே விடும் இடைவெளியும் உண்டு. அங்கே பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கமாக வாட்டர் ஸ்டாப் என்கிற பி.வி.சி. பட்டையைப் புதைப்பார்கள். வார்க்கிற அவசரத்தில் அது மடங்கிவிட்டால் மேஸ்திரிக்குத் தெரியாது. தண்ணீருக்குத் தெரியும்.

ஸ்ரீரங்கத்தில் எனக்குத் தெரிந்தவரின் குடியிருப்பில் தொட்டி கசிந்தது. வெளிப்பக்கம் லேசாகக் கொத்திச் சிமெண்ட் பூசிவிட்டு, ''இனிமே பத்து வருஷத்துக்குக் கவலையே இல்ல சார்'' என்றார் வந்தவர். சித்திரை வெயிலில் அதே இடத்தில், அதே கோடு. அசைகிற இடத்தை அசையாத சிமெண்ட்டால் அடைத்தால் வேறென்ன ஆகும்? துளையிட்டு, ஈரம் பட்டதும் நுரைத்து விரியும் பாலியூரிதேனைச் செலுத்த வேண்டும். அல்லது தொட்டியைக் காலிசெய்து, உள்பக்கம் வளைந்துகொடுக்கும் சீலன்ட் வைக்க வேண்டும். செலவுதான். ஆனால் ஒரு தடவைச் செலவு.

விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் வருஷத்துக்குச் சுமார் 1,500 லிட்டர். போனால் போகிறது என்பீர்கள். நிலத்தடித் தொட்டியில் கதை வேறு. நீர்மட்டம் இறங்கியதும் அதே ஓட்டை வழியாக வெளியே இருக்கும் சாக்கடை ஈரம் உள்ளே வரலாம். சுத்திகரித்து, குளோரின் போட்ட தண்ணீரில்!

விதிக்குப் பஞ்சமில்லை. ஐ.எஸ். 3370 இருக்கிறது. தொட்டியை நிரப்பி 7 நாள் ஊறவிட்டு, அடுத்த 7 நாள் வெளிச்சுவர் உலர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது. திறப்பு விழாத் தேதி குறித்த பிறகு இந்தப் பதினாலு நாளுக்கு யாருக்குப் பொறுமை?

1836-ல் ஆர்தர் காட்டன் காலத்து முக்கொம்பு மேலணையில், 2018 ஆகஸ்ட் 22 இரவு கொள்ளிடம் பக்கம் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போயின. அது கான்க்ரீட் ஜாயின்ட் விவகாரம் இல்லை. ஆனால் பாடம் ஒன்றுதான்: கட்டுவதற்குக் கல்வெட்டு வைக்கிறோம், பராமரிப்புக்கு வைப்பதில்லை. வைத்துப் பாருங்களேன். 'இந்தத் தொட்டியின் கசிவு இன்னாரால் இன்ன தேதியில் அடைக்கப்பட்டது' என்று. பூசுகிற கை கொஞ்சம் யோசிக்கும்.