இரு கைக்குள் அடங்கும் மார்பு

பிரிட்டனின் நாய்க் கண்காட்சிகளில் பார்டர் டெரியர் வந்து நிற்கும்போது நடுவர் செய்யும் ஒரு காரியம் பார்க்க வேடிக்கையாக இருக்கும். நாயின் பின்பக்கமாகக் குனிந்து, தோள்பட்டையை ஒட்டினாற்போல் மார்பைச் சுற்றி இரண்டு கைகளையும் வளைத்துப் பிடிப்பார். சராசரி ஆளின் கைப்பிடிக்குள் அந்த மார்பு அடங்கிவிட வேண்டும். அடங்காவிட்டால் மற்றதெல்லாம் எத்தனை அழகாக இருந்தாலும் அது குறைதான். காரணம் எளிது: கைக்குள் அடங்காத மார்பு நரிவளைக்குள்ளும் அடங்காது.

இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவே கிடக்கும் செவியட் குன்றுகள்தான் இந்த இனத்தின் சொந்த ஊர். ஆடு வளர்க்கும் பூமி. குட்டி ஈனும் பருவத்தில் நரிகள் வந்து ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிப் போகும். விவசாயிகள் குதிரையேறி வேட்டைநாய்க் கூட்டத்தோடு துரத்துவார்கள். நரி வளைக்குள் புகுந்துகொண்டால் உள்ளே போய் அதை வெளியே விரட்ட ஒரு சின்ன நாய் வேண்டும். அந்தச் சின்ன நாய், அதுவரை குதிரைக்குப் பின்னால் மைல் கணக்கில் ஓடியும் வந்திருக்க வேண்டும். ஓடுவதற்குக் கால் நீளமாக வேண்டும், நுழைவதற்கு உடம்பு குறுகலாக வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இந்த இரண்டு தேவைகளையும் ஐந்து முதல் ஏழு கிலோ எடைக்குள் முடித்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் இந்த நாயின் முதல் நயம்.

1920-ல் லண்டனிலுள்ள கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. மேடை ஏறிய மற்ற டெரியர்கள் பலவற்றுக்கும் நாளடைவில் தாடி வளர்ந்தது, தரையைத் தொடும் பாவாடை வளர்ந்தது. பார்டர் டெரியர் மட்டும் வயற்காட்டிலிருந்து நேரே வந்ததுபோலவே இன்றும் நிற்கிறது. இனத்துக்கான இலக்கணக் குறிப்பே, இது அடிப்படையில் வேலை செய்யும் நாய் என்றுதான் தொடங்குகிறது.

அந்தக் குறிப்பு தலையைச் சொல்லும்போது நீர்நாயைக் கூப்பிடுகிறது. மிகச் சரி. மண்டை ஓரளவு அகலம், மூஞ்சி குட்டை, ஆனால் வலுவானது, பெரும்பாலும் கறுத்திருக்கும். மீசை என்று சொல்ல நாலைந்து முரட்டு மயிர்கள். சின்னக் காதுகள் முன்னால் மடிந்து கன்னத்தோடு ஒட்டிக் கிடக்கும். கண் கருமை. நேருக்கு நேர் பார்த்தால், ஏதோ கேட்டுவிட்டு நம் பதிலுக்காகப் பொறுமையாகக் காத்திருப்பவரின் முகம் போலிருக்கும்.

தோளருகே தோலைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். தடித்த தோல், கை நிறையத் தளர்ந்து வரும். நாய் திரும்பிக்கூடப் பார்க்காது. நெருக்கமான வளைக்குள் உடம்பைத் திருப்பவும், நரி கடித்தால் பல் தோலோடு நிற்கவும் இந்தத் தளர்ச்சி உதவியது. வாலும் அப்படித்தான். அடியில் தடித்து நுனியில் மெலியும் குட்டை வால். பிரிட்டிஷ் டெரியர்கள் பலவற்றுக்குத் தலைமுறை தலைமுறையாக வாலை நறுக்கிக்கொண்டிருந்த காலத்திலும் இதன் வாலில் யாரும் கை வைக்கவில்லை.

இனி முடி. எனக்கு இந்த நாயில் மிகப் பிடித்தது அதுதான். மேலே கம்பிபோல் முரடான முடி, அடியில் நெருக்கமான மெல்லிய முடி. மேல்முடி மழையை உள்ளே விடாது. சேறு காய்ந்ததும் பெரும்பாலும் தானே உதிர்ந்துவிடும். சாம்பலும் பழுப்பும் கலந்த நிறமுள்ள நாயில் ஒரே ஒரு மேல்முடியைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தால், நுனி கறுப்பு, அதற்குக் கீழே வெளிர்நிறம். தூரத்திலிருந்து பார்க்கும்போது ஏன் அந்த நிறத்துக்குப் பெயர் வைக்க முடியவில்லை என்பது அப்போது புரியும்.

ஆண்டில் இரண்டு தடவையாவது மேல்முடி முதிர்ந்து செத்துப் போகும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சிறு கற்றையைப் பிடித்து, முடி படிந்திருக்கும் திசையிலேயே இழுத்தால் சுலபமாக வந்துவிடும். முதிர்ந்த முடி என்றால் வலிக்காது. பல நாய்கள் அப்போது கண்ணயர்ந்துவிடும். முழுதும் முடிய நேரம் பிடிக்கும் வேலை. அதற்குச் சோம்பி மெஷின் வைத்து வழிப்பவர்கள் உண்டு. வழித்தால் முடி மென்மையாகும், நிறம் மங்கும், மழையும் உள்ளே இறங்கும்.

நாய்களை விட்டு நரி வேட்டையாடுவதை ஸ்காட்லாந்து 2002-ம் ஆண்டுச் சட்டத்தாலும், இங்கிலாந்தும் வேல்ஸும் 2004-ம் ஆண்டுச் சட்டத்தாலும் தடை செய்துவிட்டன. அதற்கு வெகு காலம் முன்பே இந்த நாய் வீட்டுச் செல்லமாகிவிட்டது. வேட்டைநாய்க் கூட்டத்தோடு சேர்ந்து வேலை பார்த்த பரம்பரை என்பதால் மற்ற நாய்களோடு வம்புக்குப் போவது குறைவு. குழந்தைகளோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும். அதட்டினால் முகம் வாடிப்போகும். பயிற்சியில் தாழ்ந்த குரலே செல்லுபடியாகும். தன் வீட்டிலேயே கூட வளர்ந்த பூனையைப் பொறுத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டுப் பூனைக்கு அந்தச் சலுகை கிடையாது. முயல், வெள்ளெலி வளர்க்கும் வீட்டுக்கு இது ஆகவே ஆகாது.

வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: வலி வந்தால் இது சொல்லாது. வேட்டையில் உதவிய அந்தச் சகிப்பு வீட்டில் ஆபத்து. நோய் முற்றிய பிறகுதான் தெரியவரும். தசை பிடித்துக்கொண்டு நடுங்கும் ஒரு கோளாறும் இந்த இனத்தில் காணப்படுகிறது. கோதுமை போன்றவற்றிலுள்ள குளூட்டன் இல்லாத உணவு கொடுத்தால் பல நாய்களுக்கு அது தணிகிறது. விழுந்து துடிப்பதைப் பார்த்து வலிப்பு என்று முடிவு கட்டிவிடாமல், விவரம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குட்டியைப் பார்க்கும்போது தாயையும் காட்டச் சொல்லுங்கள். அதற்கு முன் உங்கள் தோட்டத்து வேலியை அடிவரை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். மண்ணைத் தோண்டுவதும், நரிவளை அளவு சந்தில் நுழைவதும் இதற்குப் பிறவிக் குணம். வாசனை பிடித்து ஓடும்போது நீங்கள் கூப்பிடுவது காதில் விழாது. ஓட்டைகளை அடைத்துவிட்டுக் குட்டியைக் கூட்டி வாருங்கள்.