திருமணத்துக்குப் பிந்தைய காதல்

ஆங்கில வரலாற்றுக் காதல் நாவல்களில் பெரும்பாலானவை கல்யாணத்தோடு முடிந்துவிடும். சந்திப்பு, சண்டை, சமாதானம், தேவாலய மணியோசை, சுபம். அந்த மணி ஓய்ந்து பல வருடங்கள் ஆன பிறகு, முகம் கொடுத்துப் பேசாமல் ஆளுக்கொரு வீட்டில் வாழும் கணவன் மனைவியிடமிருந்து தொடங்கும் கிளை ஒன்றும் அதில் உண்டு. நான் மறுபடி மறுபடி எடுத்துப் படிப்பது இந்தக் கதைகளைத்தான். புதிதாகக் காதலிப்பவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியாது. இவர்களுக்கு நன்றாகவே தெரியும். எந்தச் சொல் எங்கே தைக்கும் என்பது உட்பட.

இந்தக் கதைகளை நகர்த்துவதில் காதலுக்கு இருக்கும் பங்கு சட்டத்துக்கும் இருக்கிறது. இங்கிலாந்தில் 1857 வரை, மறுமணம் செய்துகொள்ளும் உரிமையோடு விவாகரத்து வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் அதற்கென்றே தனிச்சட்டம் நிறைவேற்ற வேண்டும். அந்தச் செலவையும் அவமானத்தையும் தாங்கி அதைப் பெற்றவர்கள் ஒன்றரை நூற்றாண்டில் சுமார் 300 பேர். அவர்களில் பெண்கள் நால்வர்தான். 1857-இல் விவாகரத்து நீதிமன்றம் வந்த பிறகும் தராசு சமமாகவில்லை. மனைவியின் தகாத உறவை நிரூபித்தாலே கணவனுக்கு விடுதலை கிடைக்கும். மனைவியோ அதனோடு கொடுமை, இரண்டாண்டு கைவிடல் போன்ற இன்னொரு குற்றத்தையும் நிரூபித்தாக வேண்டும். இது 1923 வரை நீடித்தது. இருவரும் பேசிவைத்துக்கொண்டு சுமுகமாகப் பிரியப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் அந்தக் காலத்தில் வழக்கே நிற்காது. சேர்ந்து வாழவும் முடியவில்லை, விலகிப் போகவும் வழியில்லை. நாவலாசிரியருக்கு இதைவிடச் செழிப்பான களம் எங்கே கிடைக்கும்?

ரீஜென்சி எனப்படும் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கக் காலக் காதல் கதைகளுக்குத் தாய் போன்றவர் ஜார்ஜெட் ஹேயர். அவருடைய 'ஏப்ரல் லேடி' 1957-இல் வந்தது. கணவன் மனைவி இருவரும் ஒருவரையொருவர் உயிராக நேசிக்கிறார்கள். பணத்துக்காகத்தான் என்னை மணந்தாள் என்று அவன் சந்தேகிக்கிறான். ஏதோ வசதிக்காக என்னை மணந்தார் என்று அவள் எண்ணுகிறாள். ஒரு லேஸ் உடைக்கான கடன் பில்லை அவள் மறைப்பதுதான் மொத்தச் சிக்கலும். படிக்க இனிமையான புத்தகம். ஆனால் பத்து நிமிடம் மனம்விட்டுப் பேசினால் தீர்ந்துபோகும் பிரிவு, பிரிவே ஆகாது என்று எனக்குத் தோன்றும்.

ஷெர்ரி தாமஸின் 'பிரைவேட் அரேஞ்ச்மெண்ட்ஸ்' (2008) இங்குதான் வேறுபடுகிறது. தாமஸ் சீனாவில் பிறந்து, பதின்பருவத்தில் அமெரிக்காவுக்குப் போய், காதல் நாவல்கள் படித்தே ஆங்கிலத்தை வசப்படுத்திக்கொண்டவர். இது அவருடைய முதல் நாவல். 1893-இன் லண்டன் சமூகம் டிரெமெய்ன் பிரபு தம்பதியை உதாரணத் தம்பதி என்று புகழ்கிறது. காரணம், அவன் அமெரிக்காவில், அவள் இங்கிலாந்தில். பத்து வருடங்களாக இருவருக்குள் ஒரு சச்சரவும் இல்லை. இப்போது அவள் வேறொருவரை மணக்க விரும்பி விடுதலை கேட்கிறாள். திரும்பி வரும் கணவன் அதற்கு ஒரு விலை வைக்கிறான்: முதலில் ஒரு வாரிசு.

பிரிவின் காரணத்தை நாவல் மெல்ல மெல்லத்தான் அவிழ்க்கிறது. ஓர் அத்தியாயம் 1893-இல் நடந்தால் இன்னொன்று பத்தாண்டு பின்னே போகிறது. அங்கே, இன்னும் மணமாகாத அந்த மனைவி, ஜிஜி என்ற பணக்காரப் பெண், தான் விரும்பியவன் கைநழுவிப் போகாதிருக்க ஒரு பொய்க்கடிதம் தயாரிக்கிறாள். அவன் மனத்தில் இருந்த பெண் வேறொருவரை மணந்துவிட்டதாக நம்பவைக்கும் கடிதம் அது. திருமணத்துக்கு முன்பே அவனுக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. முதலிரவில் அவளிடம் அத்தனை அன்பாக இருக்கிறான். மறுநாள் காலையில் எல்லாம் தெரியும் என்று குளிர்ந்த குரலில் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போகிறான். இது வெறும் மனக்கசப்பு இல்லை. அவள் செய்தது துரோகம். அந்த ஒற்றை இரவால் அவன் தீர்த்துக்கொண்டது அதைவிடக் கொடிய பழி. இரண்டு பக்கமும் உண்மையான குற்றம் இருப்பதால்தான் பிற்பாதியில் வரும் ஒவ்வொரு சின்ன நெகிழ்வுக்கும் எடை கூடுகிறது. அந்த முதலிரவைப் படித்துவிட்டு 1893-க்குத் திரும்பும்போது, இருவரும் மரியாதையாகப் பேசிக்கொள்ளும் சாதாரண வரிகள்கூடச் சுடும்.

வாரிசு என்ற நிபந்தனை இந்த வகைக்கே பொதுவானது. லாரா லீ குர்க்கின் 'தி மேரேஜ் பெட்' (2005) நாவலிலும், பட்டத்துக்கு அடுத்திருந்த உறவினன் இறந்துவிட்ட பிறகுதான் கணவனுக்கு மனைவியின் ஞாபகம் வருகிறது. எலோயிசா ஜேம்ஸின் 'யுவர் விக்கெட் வேஸ்' (2004) இதைத் திருப்பிப் போடுகிறது. குழந்தை கேட்பது மனைவி. கணவனோ ஓர் இசைக்கலைஞன், வீட்டில் வேறொரு பெண்ணோடு வாழ்பவன். இருவருக்கும் பொதுவான இசைதான் அவர்களை மறுபடி நெருங்கவைக்கிறது. இந்த வாரிசுக் கதைகளைப் படிக்கையில், மனைவியின் சம்மதத்தைப் பொருட்படுத்தாத காலம் அது என்பதையும் மறந்துவிடக் கூடாது. திருமணத்துக்குள் நடக்கும் வன்புணர்ச்சி குற்றம் என்று இங்கிலாந்தின் உச்ச நீதி அமைப்பு தீர்ப்பளித்தது 1991-இல்தான். அந்தக் காலத்தின் அழுத்தத்தை மூடிமறைக்காமல், வாசகருக்குச் சங்கடத்தைத் தரும் நாவல்களையே நான் நம்புகிறேன். தாமஸின் நாவல் அந்தச் சங்கடத்தைத் தருகிறது.

சாரா மெக்லீனின் 'தி டே ஆஃப் தி டச்சஸ்' (2017) நாவலில், கிட்டத்தட்ட மூன்றாண்டு காணாமல் போயிருந்த சீமாட்டி நேராகப் பிரபுக்கள் சபைக்குள் நுழைந்து விவாகரத்து கேட்கிறாள். கதை 1830-களில் நடக்கிறது. அதே பத்தாண்டில் நிஜ வாழ்வில் என்ன நடந்தது? எழுத்தாளர் கரோலின் நார்ட்டனின் கணவர் 1836-இல் பிரதமர் மெல்போர்ன் பிரபுமீது வழக்குத் தொடுத்துத் தோற்றார். ஆனாலும் பிள்ளைகளைத் தாயிடம் விடவில்லை. கரோலின் எழுதிச் சம்பாதித்த பணமும் சட்டப்படி கணவருடையது. கரோலின் இடைவிடாமல் போராடியதன் பலனாக 1839-இல் ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தாய் கேட்டுப் பெறும் சட்டம் வந்தது. இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு மெக்லீனைப் படித்தால், அந்தச் சபைக் காட்சி நாடகத்தனமாகத் தோன்றாது. கேட்கவே வழியில்லாதவள் வாய்திறந்து கேட்டுவிட்ட துணிச்சலாகத் தெரியும்.

இந்தத் துறையிடம் எனக்கு ஒரு குறை உண்டு. எல்லோரும் பிரபுக்கள், சீமாட்டிகள். விலக நினைத்தால் தங்கிக்கொள்ள இன்னொரு மாளிகை இருக்கிறது. கணவனின் அடி பொறுக்க முடியாத ஏழை மனைவிக்கு, அவன் கடும் தாக்குதலுக்காகத் தண்டிக்கப்பட்ட பிறகு, உள்ளூர் நீதிபதியே பிரிந்து வாழ உத்தரவு தரலாம் என்ற சட்டம் 1878-இல் வந்தது. நூற்பாலையில் வேலை பார்த்த தம்பதியின் பிரிவையும், அவர்கள் சேர்ந்தார்களா, சேரத்தான் வேண்டுமா என்பதையும் யாராவது இதே அக்கறையோடு எழுத வேண்டும்.